தெரோஜே என்பது மீறலா?

வணக்கம் ஐயா,

நான் புதுச்சேரியில் மூன்றாண்டுகளாகப் பிரெஞ்சு பயின்று வருகிறேன். அண்மையில் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காகப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பின் 6ஆம் பிரிவைத் தமிழாக்கினேன். "பொது ஒழுங்கையும் நல்லொழுக்கத்தையும் சார்ந்த சட்டங்களைத் தனிப்பட்ட ஒப்பந்தங்களின் வழியாக மீற முடியாது" என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் 'மீற' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டார், காரணம் சொல்லவில்லை. மூலத்தில் இருப்பது 'தெரோஜே' என்ற வினை. ஆன்ஃப்ரேந்த்ர், கோந்த்ரவெனிர், த்ரான்ஸ்கிரெஸே, வியோலே ஆகிய வினைகளுக்கும் 'மீறு' என்றே பொருள் குறித்து வைத்திருக்கிறேன். இவையெல்லாம் சிறு மீறலில் தொடங்கிப் பெரிய மீறலில் முடியும் ஒரு படிவரிசையா? எதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை இடுவது?

அன்புடன்,
ர., புதுச்சேரி

அன்புள்ள ர.,

உங்கள் ஆசிரியர் அடித்தது சரிதான். காரணத்தையும் சொல்லியிருக்கலாம், ஏனென்றால் அந்தப் பிரிவு முழுவதும் அந்த ஒரு வினையின் மேல்தான் நிற்கிறது.

உங்கள் வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒப்பந்தம் செய்துகொண்டு சட்டத்தை மீறக் கூடாது என்பதைச் சொல்லத் தனியாக ஒரு பிரிவு தேவையில்லை. எந்தச் சட்டத்தையும்தான் மீறக் கூடாது. அப்படியிருக்க, 'பொது ஒழுங்கையும் நல்லொழுக்கத்தையும் சார்ந்த சட்டங்கள்' என்று அது ஏன் வரையறுக்கிறது? மற்றச் சட்டங்கள் பலவற்றை இரு தரப்பும் மனமொத்துத் தங்கள் அளவில் விலக்கி வைத்துவிட்டு வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்பதால்தான். பிரான்சில் ஒப்பந்தம் ஏதும் எழுதாமல் திருமணம் செய்துகொள்பவர்களுக்கு, மணத்துக்குப் பின் இருவரும் ஈட்டுவது பொதுச் சொத்தாகிவிடும். அது வேண்டாமென்றால் நோத்தேர் எனப்படும் சட்ட அலுவலர் முன் ஒப்பந்தம் எழுதி, அவரவர் சொத்தை அவரவரே வைத்துக்கொள்ளலாம். அதில் குற்றமும் இல்லை, மீறலும் இல்லை. ஆனால் திருமணத்தால் வரும் கடமைகளையும் உரிமைகளையும் அவர்கள் அப்படி விலக்க முடியாது என்று அதே தொகுப்பின் 1388ஆம் பிரிவு சொல்கிறது. அங்கும் வினை தெரோஜேதான். விலக்கி வைக்கத்தக்க சட்டம் எது, தகாத சட்டம் எது என்று பிரிக்கும் வினை அது. 'மீறு' என்று போட்டவுடன் அந்தப் பிரிப்பு காணாமல் போய்விடுகிறது.

இது சட்டப் புத்தகத்துக்குள் மட்டும் வாழும் சொல்லும் அன்று. வட்டாரத்துக்கு ஒதுக்கப்பட்ட அரசுப் பள்ளியை விட்டு வேறு பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க விரும்பும் பிரெஞ்சுப் பெற்றோர் கேட்பது 'தெரோகசியோன்', அதாவது விதிவிலக்கு. 2020 மார்ச் 17 அன்று பிரான்சில் ஊரடங்கு தொடங்கியபோது, வெளியே செல்லும் ஒவ்வொருவரும் காரணத்தைக் குறித்துத் தாமே கையெழுத்திட்ட ஒரு தாளை வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தாளின் தலைப்பிலேயே 'தெரோகத்துவார்' என்ற அடைமொழி இருந்தது. ரொட்டி வாங்கக் கிளம்பிய இருவர் ஒரே தெருவில் நடந்து செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தாள் வைத்திருப்பவர் விதியிலிருந்து விலக்குப் பெற்றவர். அதே காரணம் இருந்தும் தாளை எடுத்து வராதவர் விதிக்கு மாறாக நடந்தவர். அவருக்கு 135 யூரோ அபராதம். முன்னவருக்கு உரிய வினை தெரோஜே, பின்னவருக்கு உரியது கோந்த்ரவெனிர். இரண்டையும் 'மீறு' என்று எழுதினால் தாளுக்கு மதிப்பே இல்லை.

தெரோஜேக்கு இன்னொரு முகமும் உண்டு. அதன் லத்தீன் மூலம் ஒரு சட்டத்தின் பகுதியை மட்டும் நீக்குவதைக் குறித்தது; முழுச் சட்டத்தையும் நீக்குவதற்கு வேறு வினை இருந்தது. 'ஒன்றிலிருந்து குறைத்தல்' என்ற அந்தக் கருத்துதான் மன்னராட்சிக் காலப் பிரான்சில் மனிதர்கள் மேல் வந்து விழுந்தது. பிரபு குலத்தவர் ஒருவர் கடை வைத்தாலோ கைத்தொழிலில் இறங்கினாலோ தம் தகுதியிலிருந்து தாழ்ந்தார். அதற்குப் பெயர் தெரோஜான்ஸ். 1669இல் பதினான்காம் லூயி கடல் வணிகத்துக்கும், 1701இல் மொத்த வணிகத்துக்கும் இதிலிருந்து விலக்களித்தார். பிரெத்தாஞ் பகுதியில் இருந்த வழக்கம்தான் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது: அங்கே ஒரு பிரபு தம் குலத்தகுதியை உறங்க வைத்துவிட்டு வணிகம் செய்யலாம், பொருள் சேர்ந்தபின் அதை மீண்டும் எழுப்பிக்கொள்ளலாம். இன்றும் 'தன் நிலைக்குத் தாழ்ந்து நடத்தல்' என்ற பொருளில் இந்த வினை பிரெஞ்சு எழுத்தில் வருகிறது. அவ்விடத்தில் 'விலக்கு' என்று எழுதினாலும் பிழையாகிவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி உங்கள் படிவரிசைக் கேள்வி. படிவரிசை என்று ஒன்று உண்டு, ஆனால் அது பெயர்ச்சொற்களில்தான் இருக்கிறது. பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம் குற்றங்கள் அனைத்தையும் 'ஆன்ஃப்ரக்சியோன்' என்ற பொதுப்பெயரில் அடக்கி, கடுமையைப் பொறுத்து கிரீம், தெலி, கோந்த்ரவான்சியோன் என மூன்றாகப் பிரிக்கிறது. பொதுப்பெயர் ஆன்ஃப்ரேந்த்ர் குடும்பத்தது, கடைசியான மிக லேசான வகை கோந்த்ரவெனிர் குடும்பத்தது. வினைகளுக்கு வந்துவிட்டால் இந்தக் கணக்குச் செல்லாது. மிகக் கனமான ஒப்பந்தத்துக்கு மாறாக நடப்பதையும் கோந்த்ரவெனிர் என்று சொல்லலாம்.

உங்கள் பட்டியலில் மிகக் கொடியதாகத் தோன்றும் வியோலேயைப் பாருங்கள். பாலியல் வன்கொடுமைக்கும் கல்லறையைச் சிதைப்பதற்கும் அத்துமீறி வீடு புகுவதற்கும் பிரெஞ்சில் இந்தக் குடும்பத்துச் சொற்களே வழங்குகின்றன. ஆனால் அந்நாட்டின் கூர் த கசாசியோன் என்ற உச்ச மன்றம், கீழ் மன்றத்தின் தீர்ப்பை நீக்கும்போது, 'மேல்முறையீட்டு மன்றம் மேற்கண்ட விதியை வியோலே செய்துவிட்டது' என்று எழுதுவது அன்றாட வாய்பாடு. அங்கே வன்முறையும் இல்லை, நீதிபதிகள் மேல் பழியும் இல்லை. சட்டத்தைப் பிழையாகப் பொருத்தினார்கள் என்பதே கருத்து. ஆகவே வினையின் கனத்தைப் பார்க்காமல் அதன் செயப்படுபொருளைப் பாருங்கள். த்ரான்ஸ்கிரெஸே இயல்பாகச் சேர்வது இறைக் கட்டளையோடும் சமூக விலக்கோடும். கோட்டைத் தாண்டிக் கால் வைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். உரிமையையும் மானத்தையும் அவமதித்து மிதிப்பதற்கு பஃபுவே என்ற வினை இருக்கிறது. வாகனம் நிறுத்தும் விதிக்கு யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டிச் செல்பவரைப் பற்றித் தெருவில் இவற்றில் எதுவும் காதில் விழாது, 'விளக்கை வாட்டிவிட்டான்' என்பார்கள். விதியைச் சற்றே வளைப்பதற்கோ 'விதிக்கு ஒரு சுளுக்கு' என்று ஒரு தொடர் வைத்திருக்கிறார்கள், கணுக்கால் சுளுக்குக்கு வழங்கும் அதே சொல்லால்.

இலக்கணத்திலும் ஒரு வழிகாட்டல் இருக்கிறது. ஆன்ஃப்ரேந்த்ர், வியோலே, த்ரான்ஸ்கிரெஸே, பஃபுவே நேராகச் செயப்படுபொருளை ஏற்பவை. நம் இரண்டாம் வேற்றுமை போல. கோந்த்ரவெனிரும் தெரோஜேயும் 'ஆ' என்ற இடைச்சொல்லைக் கேட்பவை. முதல் கூட்டத்தில் சட்டத்துக்கே ஏதோ நேர்கிறது. இரண்டாவதில் சட்டம் அப்படியே நிற்க, மனிதர் அதற்கு எதிராகவோ அதை விட்டு விலகியோ செல்கிறார். நான் மொழிபெயர்க்கும்போது இதைப் பற்றிக்கொண்டுதான் தமிழ்ச் சொல்லைத் தேடுகிறேன். கைமீறுதல், அளவு மீறுதல் என்ற வழக்குகளில் இருக்கும் தாண்டற்பொருளால் 'மீறு' த்ரான்ஸ்கிரெஸேக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆன்ஃப்ரேந்த்ரின் வேர் உடைத்தலைச் சொன்னாலும் 'சட்டத்தை உடைத்தான்' என்பது தமிழாகாது என்பதால் அங்கும் 'மீறு' என்றே இடுகிறேன். கோந்த்ரவெனிருக்கு 'மாறாக நட' என்பதும், வாக்கும் கடமையும் வருமிடத்தில் உள்ள மான்கே என்ற வினைக்கு நம் 'தவறு' என்பதும் இயல்பாக அமைகின்றன.

உங்கள் வாக்கியத்தை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "பொது ஒழுங்கையும் நல்லொழுக்கத்தையும் சார்ந்த சட்டங்களைத் தனிப்பட்ட ஒப்பந்தங்களால் விலக்கி வைக்க இயலாது." இதை உங்கள் ஆசிரியரிடம் காட்டி, 1388ஆம் பிரிவையும் இதே முறையில் மொழிபெயர்த்து எனக்கு அனுப்புங்கள்.