ஷாம்பெயினைப் படுக்க வைப்பதா, நிற்க வைப்பதா? கேள்வி பதில்

கேள்வி: சில ஷாம்பெயின் பாட்டில்கள் சேர்ந்துவிட்டன. எங்கே வைக்கலாம்?

சூடு ஏறி இறங்காத, இருட்டான இடத்தில். 10 முதல் 13 டிகிரி இருந்தால் உத்தமம். வெளிச்சம் பட்டால் ஒயினில் உள்ள ரிபோஃபிளேவின் (வைட்டமின் B2) கந்தகச் சேர்மங்களைக் கிளப்பிவிடும். வெந்த முட்டைக்கோஸ் வாடை அடிக்கும். நிறமில்லாத பாட்டிலில் வரும் கிறிஸ்டால் என்ற ஷாம்பெயினை மஞ்சள் தாளில் சுற்றி விற்பது அழகுக்காக அல்ல. அந்தத் தாளைப் பிரிக்காதீர்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

இரண்டு மூன்று வாரம் வைக்கலாம். வருடக்கணக்கில் வேண்டாம்.

கேள்வி: நிற்க வைத்தால் கார்க் காய்ந்துவிடாதா?

சாதாரண ஒயினுக்கு அந்தப் பயம் சரி. ஷாம்பெயினுக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஐந்தாறு மடங்கு. கார்க்குக்கும் ஒயினுக்கும் நடுவே உள்ள காலி இடமும் ஈரமாகவே இருக்கும். ஒயினில் ஊறிக்கொண்டே கிடக்கும் கார்க்தான் சீக்கிரம் துவளும். திறக்கும்போது பாருங்கள்: தெம்புள்ள கார்க்கின் அடிப்பாகம் பாவாடை போல விரியும். துவண்டது, அடித்த முளையைப் பிடுங்கியது போல நேராக வரும். சத்தமும் சப்பென்று இருக்கும்.

கேள்வி: ஒப்புக்கொள்ள மாட்டேன். தயாரிப்பாளர்களே வருடக்கணக்கில் படுக்கத்தானே வைக்கிறார்கள்?

அது வண்டலோடு, அதாவது பாட்டிலுக்குள் நுரையை உண்டாக்கிய ஈஸ்டின் கசடோடு, இருக்கும் காலம். உள்ளே புகும் ஆக்ஸிஜனை ஈஸ்ட் வண்டல் விழுங்கிவிடும். வண்டலை வெளியேற்றி கார்க் போட்டபின் அந்தக் காவல் இல்லை. அதனால்தான் பின்பக்க லேபிளில் வண்டல் நீக்கிய தேதி இருக்கிறதா என்று முதலில் தேடுகிறேன்.

கேள்வி: சரி, பால்டிக் கடலில் கிடைத்த பழைய ஷாம்பெயின் பாட்டில்கள்? அவை படுத்துக் கிடந்தும் கெடவில்லையே?

நல்ல கேள்வி. 2010-இல் பின்லாந்தின் ஆலந்து தீவுகளுக்கு அருகே, மூழ்கிய கப்பலிலிருந்து 168 பாட்டில்கள் எடுத்தார்கள். சுமார் 50 மீட்டர் ஆழம், ஏறக்குறைய 170 வருடம். அவற்றைக் காப்பாற்றியது குளிரும் இருட்டும். நுரை மட்டும் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. நானும் படுக்கத்தான் வைக்கிறேன், அடுக்க வசதி என்பதால். சில வருடங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்; சண்டையை இதோடு விடுவோம்.

கேள்வி: இத்தாலியின் நுரை ஒயினான புரொசெக்கோவை எத்தனை வருடம் வைக்கலாம்?

வைக்காதீர்கள். குடியுங்கள்.

கேள்வி: மேக்னம் பாட்டில் மெதுவாக முதிருமாமே?

ஆமாம். சாதாரண பாட்டிலைவிட ஒயின் இரண்டு மடங்கு, கழுத்து கிட்டத்தட்ட அதே அளவு. ஒவ்வொரு சொட்டுக்கும் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைவு.

கேள்வி: திறந்த பாட்டிலின் வாயில் கரண்டி செருகினால் நுரை நிற்குமா?

நிற்காது. அதற்கென்று மூடி விற்கிறது.

கேள்வி: ஃபிரிட்ஜில்...

மேலே பாருங்கள்.

கேள்வி: நாலு பாட்டிலை ஹாலில் கண்ணாடி அலமாரியில், டியூப்லைட் போட்டு வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

இத்தனை நேரம் என்ன சொன்னேன்? இன்றே எடுத்து அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். அலமாரிக்குக் காலி பாட்டில் போதும்.