திப்பியில் பிளாஸ்டிக் செய்யப் படிக்கலாமா?

ஐயா, ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி போடும் குடும்பம் என்று எழுதியிருந்தீர்கள். சேகோ ஆலையில் மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பியிலிருந்து மக்கும் பிளாஸ்டிக் செய்யப் படிக்க வேண்டும் என்கிறாள் மகள். படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். நியாயமான கவலைதான்.

"பயோபிளாஸ்டிக்" என்று பெயர் போட்ட படிப்பைத் தேடி அலையாதீர்கள். கெமிக்கல் இன்ஜினியரிங் அல்லது பாலிமர் டெக்னாலஜியில் சேருங்கள். மக்கும் பிளாஸ்டிக் மட்டுமே செய்யும் கம்பெனிகள் இன்னும் குறைவு. ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கித் துளை வழியே தள்ளும் எக்ஸ்ட்ரூடர், அச்சில் வார்க்கும் மோல்டிங் மெஷின்களில் கை பழகியவருக்குப் பேக்கேஜிங்கிலும் வாகன உதிரிபாகத் தொழிலிலும் வேலை உண்டு. சென்னை கிண்டியில் 1968-இல் தொடங்கிய சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இதற்கென்றே இருக்கிறது. பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு, அங்கே 2 ஆண்டு முதுநிலை டிப்ளமோவும் சேரலாம்.

அதற்கு முன் மகளை ஒன்று செய்யச் சொல்லுங்கள். மரவள்ளி மாவோடு சலித்த திப்பித் தூளைக் கொஞ்சம் கலந்து, தண்ணீர், கிளிசரின், சில சொட்டு வினிகர் விட்டுச் சிறுதீயில் கிண்டினால் பசை மாதிரி கெட்டியாகும். தட்டில் மெல்லிசாகத் தேய்த்துக் காயவைத்தால், பழுப்பு நிறத்தில் அப்பளம்போல் உரிந்து வரும். அப்புறம் அதைத் தண்ணீரில் போடட்டும். ஊறி நைந்துபோகும்! இந்தத் துறையின் பெரிய தலைவலியே இதுதான். மாவுப்பொருள் ஈரத்தைக் குடித்துவிடும். அதனால்தான் மக்கும் பைகளில் பெரும்பாலும் பிபிஏடி என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது பெட்ரோலியத்திலிருந்து வந்தாலும் மக்கக்கூடியது.

கரும்புச் சர்க்கரையிலோ சோள மாவிலோ செய்யும் பிஎல்ஏ என்ற மக்கும் பிளாஸ்டிக் நீருக்குத் தாங்கும். ஆனால் தோட்டத்து மண்ணில் போட்டால் சீக்கிரம் மக்காது. 58 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும், குப்பையை மக்கவைக்கும் பெரிய உரக்கிடங்கு வேண்டும். "மக்கும்" என்று அச்சடித்து விற்க, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் தேவை. அதற்கான சோதனை மாதக்கணக்கில் நடக்கும். இந்தச் சோதனைக்கூட வேலையை யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. நுணுக்கமும் பொறுமையும் உள்ள பெண்ணுக்கு மிகப் பொருத்தமான வேலை அது.

கல்லூரி பார்க்கப் போகும்போது எக்ஸ்ட்ரூடர் ஓடுகிறதா, மாணவர்களை அதைத் தொட விடுகிறார்களா என்று கேளுங்கள். அந்தப் பழுப்புப் படலத்தையும் மகள் எடுத்துப் போகட்டும். அதைக் கையில் வாங்கிப் பார்த்து "தண்ணீரில் ஏன் நைந்தது?" என்று அவளிடம் பேச்சுக் கொடுக்கிற ஆசிரியர் இருக்கும் இடத்தில் சேருங்கள்.