மங்கல விளக்கும் 9 ஏ பதாகையும்

கேள்வி: பேஸ்புக், டிக்டொக்கில் இளம் பிள்ளைகள் பலவிதமாக ஏமாற்றப்படுகிறார்கள். அவர்களின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? பாடசாலைதோறும் ஒரு விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைத்தால் என்ன?
– வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: கருத்தரங்கு என்று எழுதியிருக்காவிட்டால் உங்களுக்கு ஒழுங்கான பதில் கிடைத்திருக்கும். அழைப்பிதழில் ஒன்பது மணி. பிரதம விருந்தினர் வரப் பதினொன்று. அதுவரை பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் திருகோணமலை வெயிலில். பிறகு மங்கல விளக்கு. ஐந்து திரிக்கு ஏழு பிரமுகர்கள், மிஞ்சிய இருவருக்கும் மனத்தாங்கல். ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, நடுவில் பொன்னாடை. (பொன்னாடையோடு எனக்குள்ள பகை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குப் பழசு.) வளவாளருக்குக் கிடைப்பது பத்து நிமிடம். "முன்பின் தெரியாதவர்களுக்குப் படம் அனுப்பாதீர்கள் பிள்ளைகள்" என்று அவர் தொடங்கும்போதே ரோல்ஸ் வந்துவிடும்.

அன்று மாலை அந்தப் படங்கள் எல்லாம் பேஸ்புக்கில் ஏறும். முன்வரிசைப் பிள்ளைகளின் முகம், சட்டையில் பாடசாலைச் சின்னம், பின்னால் ஊர்ப்பெயரோடு பதாகை. உலகத்தில் யாரும் பார்க்கலாம். வளவாளர் அனுப்பாதே என்றதை ஏற்பாட்டாளர்களே அனுப்பிவிட்டார்கள்.

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தால் இன்னும் மோசம். ஒன்பது பாடத்திலும் ஏ, அதாவது 9 ஏ எடுத்த பிள்ளையின் படமும் முழுப்பெயரும் பாடசாலையும் சந்தியில் தொங்கும், அப்படியே வட்ஸ்அப்பிலும் சுற்றும். பதினாறு வயதுப் பெண்பிள்ளையின் பெயரில் போலிக் கணக்குத் திறக்க நினைப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? கடற்காற்றில் கிழியும் பதாகைத் துண்டுகள் கோட்டைப் பக்கத்து மான்களின் வாய்க்குப் போவது பற்றி இன்னொரு நாள் திட்டுகிறேன்.

சரி, பொறுப்பு. பணம் பண்ணுபவனுக்குத்தான் முதலில். பேஸ்புக்கில் கணக்குத் திறக்க 13 வயது வேண்டும் என்பது பிள்ளையின் பக்குவத்தை அளந்து வைத்த எல்லை அல்ல. 13 வயதுக்குக் குறைந்தவர்களின் தரவைப் பெற்றோர் சம்மதமின்றி எடுக்கக்கூடாது என்று 1998 இல் அமெரிக்காவில் வந்த சட்டத்தின் தொங்கல் அது. பிள்ளை பிறந்த ஆண்டை மாற்றித் தட்டினால் தாண்டிவிடலாம் என்பது அந்த நிறுவனத்துக்கும் தெரியும். அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் பெரிய தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்திருக்கிறது. தடையைப் பிள்ளைகள் சுற்றிப் போவார்கள், அதை விடுங்கள். எனக்குப் பிடித்தது தண்டப்பணம்: 4 கோடியே 95 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் வரை, அதுவும் நிறுவனத்துக்கு மட்டும். பிள்ளைக்கும் தாய் தகப்பனுக்கும் ஒரு சதமும் இல்லை. நம் நாட்டிலும் 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. பிள்ளைகளைக் காப்பதைவிட விமர்சிப்பவர்களின் வாயை மூடத்தான் அது உதவும் என்று பத்திரிகையாளர்கள் அன்றே கத்தினார்கள். நானும்தான்.

பெற்றோருக்குப் பொறுப்பு இல்லையா என்பீர்கள். உண்டு. படத்தை வைத்து எவனாவது மிரட்டுகிறான் என்று பிள்ளை வந்து சொன்னால், முதல் வேலையாகப் போனைப் பறிக்காதீர்கள். பறிப்பீர்கள் என்று பயந்துதான் பாதிப்பேர் சொல்வதே இல்லை. காசு கொடுக்க வேண்டாம், செய்திகளை அழிக்க வேண்டாம், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. அடுத்த பதாகையில் பிள்ளையின் படத்துக்குப் பதிலாக அதைப் போடுங்கள்.