போட்டுக்கிட்டிருக்கேன், போட்டிருக்கேன்: உடை ஆங்கிலத்தில் சில சந்தேகங்கள்

கேள்வி (கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி): விடுதியில் தோழி கதவைத் தட்டி ‘ரெடியா?’ என்றாள். ‘வெயிட், ஐ ஆம் வேரிங் மை டிரெஸ்’ என்றேன். அது தப்பு என்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: இலக்கணத்தில் தப்பில்லை, பொருளில்தான். உடை ஏற்கெனவே உங்கள் உடம்பில் இருக்கிறது என்று சொல்லிவிட்டீர்கள். பிறகு எதற்கு அவள் காத்திருக்க வேண்டும்?

இதே இடத்தில் தமிழில் நீங்கள் தடுமாறவே மாட்டீர்கள். ‘சட்டை போட்டுக்கிட்டிருக்கேன்’ என்றால் கை இன்னும் சட்டைக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. ‘சட்டை போட்டிருக்கேன்’ என்றால் பொத்தான் வரைக்கும் வேலை முடிந்துவிட்டது. முதலாவதுக்கு ஆங்கிலத்தில் ‘புட்டிங் ஆன்’, இரண்டாவதுக்கு ‘வேரிங்’. என் வகுப்பில் முதல் நாள் கரும்பலகையில் இந்த இரண்டு தமிழ் வாக்கியங்களைத்தான் எழுதுவேன். ஆங்கிலம் அதற்குப் பிறகு தானாக வரும்.

எந்த உடை என்று சொல்லத் தேவையில்லை என்றால் ‘ஐ ஆம் கெட்டிங் டிரெஸ்ட்’ போதும். கதவுக்குப் பின்னாலிருந்து நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். ‘டிரெஸ்ஸிங் அப்’ வேறு: விசேஷத்துக்குப் பார்த்துப் பார்த்து உடுத்துவது, அல்லது பிள்ளைகள் ராஜா ராணி வேடம் கட்டுவது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாம் வேட்டி கட்டுகிறோம், சட்டை போடுகிறோம், பூவும் பொட்டும் வைக்கிறோம், சென்ட் அடிக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் தனி வினை தேடி மாணவர்கள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். தேட வேண்டாம். கண்ணாடி, கடிகாரம், சென்ட், பூ எல்லாவற்றுக்கும் ‘வேர்’ ஒன்றே போதும். தாடி வைத்திருப்பதைக்கூட ‘வேரிங் எ பியர்டு’ என்பார்கள். சேலையை மடிப்பு வைத்துக் கட்டும் செயலை மட்டும் எடுத்துச் சொல்ல வேண்டுமென்றால் ‘டிரேப்’ இருக்கிறது.

கேள்வி (லீட்ஸில் வேலை பார்க்கும் ஓசூர்க்காரர்): ‘ஐ பாட் எ நியூ டிரெஸ்’ என்று அலுவலகத்தில் சொன்னேன். எல்லாரும் ஒரு நொடி விழித்தார்கள்.

பதில்: ‘எ டிரெஸ்’ என்று ஒருமையில் சொன்னால் அது பெண்கள் அணியும் கவுன் மாதிரியான ஒற்றை உடை. நீங்கள் சொல்ல வேண்டியது ‘நியூ க்ளோத்ஸ்’, அல்லது நேரடியாக ‘எ நியூ ஷர்ட்’. அதற்காக ‘எ நியூ கிளாத்’ என்று சொல்லிவிடாதீர்கள். அது மேசை துடைக்கும் துணி. நம் ‘துணி’ இரண்டுக்கும் பொது. துணி துவைக்கிறோம், துணியால் துடைக்கிறோம். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. உச்சரிப்பில் ‘த்’தைப் பிடித்து மல்லுக்கட்ட வேண்டாம். கதவைச் சாத்தச் சொல்லும் ‘க்ளோஸ்’ போலவே அங்கே பலரும் சொல்கிறார்கள்.

கேள்வி (மான்செஸ்டரில் ஒரு அம்மா): மகனுக்கு மாற்று ‘பேண்ட்ஸ்’ கொடுத்தனுப்பும்படி பள்ளியில் எழுதியிருந்தார்கள். முழுக்கால் பேண்டை வைத்தனுப்பினேன். ஆசிரியை கேட்டது ஜட்டியாம்!

பதில்: பிரிட்டனில் ‘பேண்ட்ஸ்’ என்றால் பெரும்பாலும் ஜட்டிதான். நம் பேண்டுக்கு அங்கே ‘டிரவுசர்ஸ்’. ‘வெஸ்ட்’ என்று எழுதியிருந்தால் பனியன், ‘ஜம்பர்’ என்றால் ஸ்வெட்டர். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் உறவினரிடம் இதை அப்படியே சொல்லிவிடாதீர்கள். அங்கே பேண்ட்ஸ் நம் பேண்டேதான். வெஸ்ட் என்பது சட்டைக்கு மேலே போடும் கையில்லாத கோட்டு. ஜம்பர் என்பது சிறுமிகள் பிளவுசுக்கு மேல் போடும் கையில்லாத கவுன்.

‘நிக்கர்’ என்ற சொல்லில்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். 1809-இல் அமெரிக்காவில் வெளிவந்த நியூயார்க் வரலாறு ஒன்றில் ஆசிரியர் பெயர் நிக்கர்பாக்கர் என்று போட்டிருந்தது. அது புனைபெயர். அதற்குப் பின்னாளில் வரைந்த படங்களில் டச்சுக்காரர்கள் முழங்காலோடு நிற்கும் தொளதொள கால்சட்டையில் இருந்தார்கள். அந்தக் கால்சட்டைக்கே நிக்கர்பாக்கர்ஸ் என்று பெயராகி, பிறகு நிக்கர்ஸ் என்று சுருங்கியது. நம் ஊரில் அது பையன்களின் அரைக்கால் சட்டை ஆனது. பிரிட்டனில் பெண்களின் உள்ளாடை ஆகிவிட்டது. ஆகவே ‘மை சன்ஸ் நிக்கர்ஸ்’ என்று அங்கே வாய் தவறியும் வேண்டாம். ‘ஷார்ட்ஸ்’ என்று சொல்லுங்கள்.

பனியனும் இப்படி ஊர் சுற்றிய சொல்தான். குஜராத்தி வணிகர்களைக் குறித்த சொல். 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வீட்டில் அணிந்த தொளதொள அங்கிக்கு அதே பெயர் இருந்தது. இன்று திருப்பூரே அந்தச் சொல்லில் வாழ்கிறது, ஆனால் லண்டன் கடையில் கேட்டால் புரியாது.

கேள்வி (திருச்சி, பள்ளி ஆசிரியர்): ‘இன் பண்ணு’ என்பதற்கு ஆங்கிலம் என்ன?

பதில்: ‘டக் யுவர் ஷர்ட் இன்.’ பொத்தான், ஜிப், பெல்ட் மூன்றையும் போட ‘டூ அப்’, கழற்ற ‘அன்டூ’. தையல் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தால் ‘இன்சைட் அவுட்’. முன்பக்கம் பின்னால் போயிருந்தால் ‘பேக் டு ஃப்ரன்ட்’. காலையில் அவசர அவசரமாக வரும் சின்னப் பிள்ளைகளிடம் இரண்டுமே தேவைப்படும்.

கேள்வி: பிறந்தநாளுக்குப் போடும் ‘கலர் டிரெஸ்’?

பதில்: ‘ஓன் க்ளோத்ஸ்’. சீருடை இல்லாத நாளைச் சில பிரிட்டிஷ் பள்ளிகளில் ‘மஃப்டி டே’ என்பார்கள். நம் போலீஸ்காரர்களின் அதே மஃப்டி.

கேள்வி (சென்னை): ‘ஃபிட்’, ‘சூட்’, ‘மேட்ச்’?

பதில்: அளவு சரியாக இருந்தால் ‘ஃபிட்ஸ்’. உங்களுக்கு எடுப்பாக இருந்தால் ‘சூட்ஸ்’. பாவாடைக்குத் தாவணி பொருந்தினால் ‘மேட்சஸ்’, ‘கோஸ் வித்’. வெளிநாட்டில் டிரையல் ரூமைத் தேடாதீர்கள், ‘ஃபிட்டிங் ரூம்’ என்று கேளுங்கள்.

கேள்வி (அயர்லாந்து செல்லவிருக்கும் நர்ஸ், நாகர்கோவில்): வயதான நோயாளியிடம் உடையைக் கழற்றச் சொல்லும்போது ‘ரிமூவ் யுவர் டிரெஸ்’ என்பேன். சரியா?

பதில்: புரியும். ஆனால் அதட்டுவது போலக் கேட்கும். ‘ரிமூவ்’ அறிவிப்புப் பலகைக்கு உரிய சொல். கட்டிலருகே ‘டேக் ஆஃப்’, இன்னும் இதமாக ‘ஸ்லிப் ஆஃப்’. ‘குட் யூ ஸ்லிப் யுவர் கார்டிகன் (முன்னால் திறக்கும் ஸ்வெட்டர்) ஆஃப் ஃபார் மீ?’ என்று கேட்டுப் பாருங்கள், பாட்டி தானே கையை நீட்டுவார். அங்குள்ள நர்ஸ்கள் ‘பாப் திஸ் ஆன்’ என்றும் சொல்வார்கள். ‘இதைச் சட்டுனு போட்டுக்கங்கம்மா’ என்கிற குரல் அது. பொத்தானில் உங்கள் கை படுவதற்கு முன்னால் ‘ஷல் ஐ ஹெல்ப் யூ வித் யுவர் பட்டன்ஸ்?’ என்று கேட்டுவிடுங்கள்.

பக்கவாதம் வந்தவருக்கு உடுத்தும்போது தளர்ந்த கைதான் முதலில் உள்ளே போகும், கழற்றும்போது அதே கை கடைசியாக வெளியே வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை அவரிடமும் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்: ‘லெட்ஸ் கெட் யுவர் வீக் ஆர்ம் இன் ஃபர்ஸ்ட்… லவ்லி… நவ் தி அதர் ஒன்.’ நடுவில் நிறுத்தி மூச்சு வாங்க விடுங்கள்.