குழந்தைகளுக்குத் தனி சர்ஜன் எதற்கு? பிரிட்டிஷ் சங்கம் பற்றிச் சில கேள்விகள்

பிரிட்டனில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் மருத்துவர்களுக்கென்று 1953-லிருந்து ஒரு சங்கம் (British Association of Paediatric Surgeons) இருக்கிறது. அதைப் பற்றி என்னிடம் கேட்டவர்களுக்கு இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

டாக்டர், பெரியவர்களுக்கு ஆபரேஷன் செய்பவரே குழந்தைக்கும் செய்தால் என்ன?

ஒரு குழந்தையைச் சொல்கிறேன். பிறந்து சில மணி நேரம்தான் ஆகிறது, வாயில் நுரை நுரையாக எச்சில், நர்ஸ் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருக்கிறது. மெல்லிய டியூபை உள்ளே விட்டால் பத்து சென்டிமீட்டர் போனதும் முட்டி நின்றுவிடுகிறது, ஏனென்றால் உணவுக்குழாய் பாதியிலேயே மூடிக் கிடக்கிறது, பெரும்பாலும் கீழ்ப் பாதி மூச்சுக்குழாயோடு ஒட்டியும் இருக்கும். எடை இரண்டரை கிலோ. உடம்பில் உள்ள ரத்தம் மொத்தமே ஒரு டம்ளர். மேசையில் சற்று நேரம் திறந்து வைத்தாலே உடல் குளிர்ந்துவிடும். இரண்டு முனைகளையும் பிரித்தெடுத்து இணைத்துத் தைக்க வேண்டும், அதுவும் திசு கிழியாமல். வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற கைக்கு இது வராது. சங்கம் பிறந்ததே இந்த இடத்திலிருந்துதான்.

யார் தொடங்கியது?

முதல் தலைவர் டெனிஸ் பிரவுன். 1892-ல் மெல்போர்னில் பிறந்தவர், முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படையோடு போய், அப்புறம் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டார். குழந்தைகளைத் தவிர வேறு யாருக்கும் ஆபரேஷன் செய்வதில்லை என்று இருந்த முதல் பிரிட்டிஷ் சர்ஜன் என்று அவரைச் சொல்வார்கள். வளைந்த பாதத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்குப் போடும் பட்டை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

அதே 1953-ல் லிவர்பூலில் இசபெல்லா ஃபோர்ஷால், பீட்டர் ரிக்கம் இருவரும் பச்சிளம் குழந்தை ஆபரேஷனுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். முன்பு நூற்றில் 22 குழந்தைகள் பிழைத்த இடத்தில் 74 பிழைக்க ஆரம்பித்தன. புதுக் கருவி எதுவும் வந்து நடந்ததில்லை இது. பழகிய நர்ஸ், பழகிய மயக்க மருத்துவர், கதகதப்பான அறை, இவை ஒரே இடத்தில் சேர்ந்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அண்ணா, இது டாக்டர்களின் தொழிற்சங்கமா? லைசென்ஸ் கொடுப்பதும் இவர்களா?

இரண்டும் இல்லை, தம்பி. பதிவும் ஒழுங்கு நடவடிக்கையும் பொது மருத்துவக் கவுன்சில் வேலை, தேர்வு ராயல் கல்லூரிகள் எனப்படும் மருத்துவ அமைப்புகளின் வேலை. சங்கத்தின் வேலை மாநாடு, பயிற்சி, தர அளவு, ஆய்வு.

தனி சர்ஜன்தான் செய்ய வேண்டும் என்று சொல்லித் தொழிலைத் தங்களுக்குள் வைத்துக்கொள்கிறார்களோ?

நியாயமான சந்தேகம். டெனிஸ் பிரவுனே இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: நோக்கம் ஒரு தரத்தை நிறுவுவது, ஏகபோகம் தேடுவதல்ல. ஆனால் நடைமுறையில் இது சிக்கலானது. 1989-ல் ஆபரேஷனை ஒட்டி இறந்த சிறு குழந்தைகளைப் பற்றி 1990-ல் பிரிட்டனில் ஒரு தேசிய விசாரணை அறிக்கை வந்தது. எப்போதாவது ஒருமுறை குழந்தைக்குக் கத்தி எடுப்பதை, எப்போதாவது ஒருமுறை மயக்க மருந்து கொடுப்பதை சர்ஜன்களும் மயக்க மருத்துவர்களும் விட்டுவிட வேண்டும் என்றது. சரியான அறிவுரை. ஆனால் அதற்கப்புறம் மாவட்ட மருத்துவமனைகளில் சாதாரண குடலிறக்கத்துக்குக்கூடக் கை வைக்கத் தயங்கி, குழந்தையைத் தூரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் பழக்கம் வளர்ந்தது. விரை முறுக்கிக்கொண்ட பையனுக்கு ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும், அவனை ஆம்புலன்ஸில் ஏற்றித் தூரம் அனுப்புவது தரமா? அரிய நோய் பெரிய மையத்துக்கு, அன்றாட ஆபரேஷன் பயிற்சி பெற்றவர் கையில் பக்கத்து ஊரிலேயே. இதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வு என்றால் என்ன செய்கிறார்கள்? (மருத்துவ மாணவி)

எனக்கு மிகவும் பிடித்தது இதுதானம்மா. பிறவியிலேயே குடல் வயிற்றுக்கு வெளியே வந்திருக்கும் குழந்தையை ஒரு சர்ஜன் வருஷத்துக்குச் சிலரைத்தான் பார்ப்பார், அதை வைத்து எந்த முறை நல்லது என்று சொல்ல முடியாது. அதனால் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, நாடு முழுக்க உள்ள மையங்கள் ஒவ்வொரு நோயாளியையும் தெரிவிக்கும் ஏற்பாட்டைச் சங்கம் நடத்துகிறது. எல்லார் கணக்கும் ஒரே மேசையில், என் மையத்தின் தோல்வியும் சேர்த்து. இதற்குத் துணிச்சல் வேண்டும்.

இந்தியாவில் இப்படி ஒரு சங்கம் இருக்கிறதா?

இருக்கிறது. 1960-களின் நடுவில் பொது அறுவை மருத்துவர் சங்கத்தின் ஒரு பிரிவாக ஆரம்பித்தது. அமெரிக்கச் சங்கம் 1970.

என் மகனுக்கு இரண்டு மாதம், அழும்போது அடிவயிற்றில் வீக்கம் வருகிறது. உள்ளூரில் செய்யலாமா?

குடலிறக்கமாக இருக்கலாம், இந்த வயதில் தள்ளிப்போடாதீர்கள். இத்தனை சின்னக் குழந்தைக்குக் குழந்தைகள் சர்ஜனும், கைக்குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரும் இருக்கும் இடம் நல்லது. கூச்சப்படாமல் கேளுங்கள்: மாதத்துக்கு எத்தனை கைக்குழந்தைகளுக்குச் செய்கிறீர்கள்? வீக்கம் கல் மாதிரி ஆகி உள்ளே போகாமல் நின்றாலோ, குழந்தை வாந்தி எடுத்தாலோ, அன்று இரவே தூக்கிக்கொண்டு ஓடுங்கள், விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.