தமிழ் லினக்ஸ் வட்டு: லைவ்-பில்ட் சிக்கல்களுக்குப் பதில்கள்

பாடசாலைக் கணினி அறைகளுக்கென்று, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் லைவ்-பில்ட் கருவியால் சொந்த நிறுவல் வட்டு செய்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

மல்லாவி, ஆசிரியை: ஏப்ட் அப்டேட் (பொதிப் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) போகும்போது 'ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று நின்றுவிடுகிறது. இணையம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

ரீச்சர், கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய மெசின்களில் மதர்போர்ட்டில் இருக்கும் சிஆர்2032 பற்றரி செத்திருக்கும். கறண்ட் போய் வந்தால் திகதி பின்னுக்குப் போய்விடும். சேவரில் உள்ள கோப்பு எதிர்காலத்தில் செய்யப்பட்டது போல ஏப்டுக்குத் தெரியும், அதனால் மறுக்கிறது. பற்றரியை மாற்றி நேரத்தைச் சரிசெய்தால் போதும். சரிபார்ப்பையே நிறுத்தி வைக்கும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிள்ளைகளின் மெசின்களில் போகப்போகும் வட்டு இது.

புதுக்குடியிருப்பு, மாணவன்: அண்ணா, லப்டொப்பில் இடமில்லை. வெளி ஹார்ட் டிஸ்க்கில் பில்ட் செய்தேன், டீபூட்ஸ்ட்ராப் (அடிப்படை டெபியனை நிறுவும் கருவி) தொடங்கவே இல்லை. பிறகு இஎக்ஸ்டி4 ஆக ஃபோர்மட் செய்தும் அதே கதைதான்.

தம்பி, இங்கே இரண்டு பிரச்சினை இருக்கிறது. முதலில் டிஸ்க் எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு முறைமையில் இருந்திருக்கும். அதில் லினக்ஸின் கோப்பு உரிமைகளும் சிம்லிங்குகளும் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்புகள்) நிற்காது, ஆகவே ஃபோர்மட் செய்தது சரி. ஆனால் டெஸ்க்டொப்பில் செருகியதும் தானாக மவுன்ட் ஆகும் (ஓர் அடைவாக இணையும்) டிஸ்க்குக்கு 'நோடெவ்' என்ற தடையும் சேர்ந்து வரும். டீபூட்ஸ்ட்ராப் உள்ளே டிவைஸ் கோப்புகள் செய்யவேண்டும், தடை இருந்தால் அங்கேயே நின்றுவிடும். மவுன்ட் கட்டளையில் ரீமவுன்ட், டெவ், எக்ஸெக் மூன்றையும் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடவிடு.

மாங்குளம்: 'எதிர்பாராத பிழை, வெளியேறுகிறது' என்று வருகிறது. என்ன செய்வது?

எந்தப் பிழைக்கும் லைவ்-பில்ட் கடைசியாகச் சொல்வது அதைத்தான். மேலே போய் முதல் பிழை வரியைத் தேடுங்கள். பில்ட் ஓடும்போது டீ கட்டளையால் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேமித்தால் தேடுவது சுலபம்.

பரந்தன்: பாதியில் நிறுத்திவிட்டேன். குரூட் அடைவை (வட்டுக்கான சிஸ்டம் உருவாகும் இடம்) அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

கையால் அழிக்கவே வேண்டாம்! உங்கள் கணினியின் டெவ் அடைவையோ வீட்டு அடைவையோ அதற்குள் பைண்ட் மவுன்ட் செய்திருந்தால் (அதே அடைவு இங்கும் தெரியும்படி இணைத்திருந்தால்), ஆர்எம் கட்டளை அதற்குள்ளும் புகுந்து உங்கள் சொந்தக் கோப்புகளை அழித்துவிடும். முதலில் மவுன்ட் பட்டியலைப் பாருங்கள், ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், அப்புறம் லைவ்-பில்டின் எல்பி கிளீன் கட்டளையைக் கொடுங்கள். அதோடு பர்ஜ் என்ற தெரிவைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் இறக்கிய பொதிகளும் போய்விடும், டேட்டாவுக்குத் திரும்பக் காசு கட்டவேண்டி வரும்.

துணுக்காய்: ஸ்குவாஷ் செய்யும்போது (கோப்புகளைச் சுருக்கும் கட்டம்) 'கில்ட்' என்று மட்டும் வருகிறது.

ரம் (நினைவகம்) போதவில்லை. எக்ஸ்இசட் சுருக்க முறையை விட்டு ஜிஸிப்புக்கு மாறுங்கள், வட்டு கொஞ்சம் பெரிதாகும்.

கிளிநொச்சி, அலுவலக ஊழியர்: வட்டில் ரெங்கநாதன் விசைப்பலகையைப் போட்டால் எங்களுக்குச் சரி. தமிழ்99ஐ யாருக்காகச் சேர்க்கிறீர்கள்?

வவுனியா: பிள்ளைகளுக்காக அண்ணை! புதிதாகப் படிப்பவர்களுக்குத் தமிழ்99தான் லேசு. தட்டச்சு பழகியவர்களின் வசதியை அவர்கள் ஏன் சுமக்க வேண்டும்?

கிளிநொச்சி: அந்தப் பிள்ளைகள் நாளைக்கு வேலைக்கு வந்தால் எந்த விசைப்பலகையில் அடிப்பார்கள்?

இருவருக்கும் சொல்கிறேன். ரெங்கநாதன்தான் இலங்கைத் தரம், எஸ்எல்எஸ் 1326:2008. அதனால் என் வட்டில் அது முதலில் வரும். தமிழ்99 அடுத்ததாக இருக்கும், ஒரு சொடுக்கில் மாறலாம். எம்17என் என்ற உள்ளீட்டுத் தொகுப்பில் இரண்டும் இருக்கின்றன, கூடுதல் இடம் ஒன்றும் போகாது. ஒன்றை நீக்குவது ஒரு தரப்பைத் தமிழில் எழுதவிடாமல் தடுப்பதுதான், அதற்கு நான் உடன்பட மாட்டேன். பொதிப் பட்டியலில் ஐபஸ்-எம்17என் (அந்தத் தொகுப்பை டெஸ்க்டொப்பில் இயக்கும் பொதி) பெயரை எழுத மறந்தால் இரண்டும் வராது. வவுனியாவில் இருந்து முன்பு வந்த 'தமிழ் அடிக்க முடியவில்லை' முறைப்பாட்டுக்கும் காரணம் அதுதான்.

முல்லைத்தீவு: 32-பிட் மெசினுக்கு டெபியன் 13 போடலாமா?

முடியாது, 13இல் 32-பிட் நிறுவி இல்லை. 12ஐ எடுங்கள். அதற்கு முன், புரொசசர் விவரம் காட்டும் எல்எஸ்சிபியு கட்டளையை ஓடவிட்டுப் பாருங்கள். 32 என்று நினைத்த மெசின் 64ஆகவும் இருக்கலாம்.

ஒட்டுசுட்டான்: 'எதிர்பாராத பிழை' என்று வருகிறது, அண்ணா.

மாங்குளத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். முதல் பிழை வரி இல்லாமல் இனி இந்தக் கேள்வியை எடுக்கமாட்டேன். பதிவுக் கோப்பு முழுவதையும் அனுப்புங்கள், நானே பார்க்கிறேன்.