பெரோசிமென்ட் சுவரில் விரிசலும் துருவும்

வணக்கம் நண்பரே. பெரோசிமென்ட் சுவர், அதாவது கோழிவலையில் சிமென்ட் கலவை பூசிக் கட்டும் மெல்லிய சுவர், முடிந்து ஒரே மாதத்தில் மயிரிழை விரிசல், அங்கங்கே துருக்கறை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். கொத்தனார் பூச்சு சுலபமாக இழுபட வேண்டும் என்று கலவையை இளக்கிவிடுவார். ஒரு மூட்டை சிமென்டுக்கு இரண்டு பங்கு மணல், தண்ணீர் 20 லிட்டர், அவ்வளவுதான்; மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். மேலே ஈரச்சாக்கு போட்டு இரண்டு வாரம் காயாமல் வைத்திருந்தார்களா? மெல்லிய சுவர் சீக்கிரம் வெடித்துவிடும். இப்போதைக்குச் சுவரை நனைத்துச் சிமென்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) அடித்தால் போதும்.

துருதான் கவலை. கோழிவலை மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது என்று அர்த்தம். சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டொப் டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் கலவை வலைக்குள் இறங்கவே இல்லை. அந்த இடத்தை வலை தெரியக் கொத்தி, கம்பி பிரஷால் தேய்த்து, பின்பக்கம் ஒருவர் பலகையை அழுத்திப் பிடிக்க, முன்பக்கமிருந்து கலவையைத் திணியுங்கள். வலையை மூடி 5 மி.மீ. கனத்துக்குக் கலவை இருக்கட்டும். கையில் ஒடிகிற வலையை வெட்டி எறிந்துவிட்டு, துத்தநாகம் பூசியதைக் கட்டுங்கள். வெறும் பெயின்ட் அடித்து மறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.